லேன் விளக்கைப் பார்த்துவிட்டு ஃபார்மேட்டைப் பேசலாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கைப்பேசியில் வைஃபை ஓடுகிறது, மேசைக் கணினியில் மட்டும் லேன் கேபிள் செருகியும் இணையம் வரவில்லை. இந்தப் புகாரோடு சர்வீஸ் கடைக்குப் போனால், "விண்டோஸ் கரப்ட் ஆகியிருக்கும், ஃபார்மேட் போட்டுடலாம்" என்கிறார்கள். இணைய நிறுவனத்தை அழைத்தால், "எங்க பக்கம் லைன் ஓகே சார், உங்க சிஸ்டத்துலதான் ஏதோ" என்று புகாரை மூடிவிடுகிறார்கள். இருவருக்கும் நடுவே சுவரில் ஓடும் பதினைந்து, இருபது மீட்டர் கேபிளையும் அதன் இரு முனைகளிலும் உள்ள பிளாஸ்டிக் கனெக்டர்களையும் எவரும் குனிந்து பார்ப்பதில்லை. கோளாறு பெரும்பாலும் உட்கார்ந்திருப்பது அங்கேதான். எந்த வரிசையில் பார்ப்பது என்று தெரிந்தால், இது வீட்டுக்காரர் செய்யக்கூடிய வேலையா, எலெக்ட்ரீஷியன் வேலையா, நிறுவனத்தின் வேலையா என்பதை வாசகர்களே பிரித்துவிடலாம். அதற்காகவே இந்தக் கடிதம் கொஞ்சம் நீள்கிறது.

முதலில் சி.பி.யூ. பெட்டியின் பின்பக்கம். (பெட்டிக்கு அந்தப் பெயர் தவறு என்று எத்தனை முறை சொன்னாலும் நம் ஊரில் அதன் பெயர் சி.பி.யூ.தான்.) லேன் கேபிள் செருகும் இடத்தில் (இதற்குப் 'போர்ட்' என்று பெயர்) இரண்டு சிறு விளக்குகள் இருக்கும். ஒன்று இணைப்பு இருக்கிறது என்பதற்கு. மற்றொன்று தரவு போகும்போது மின்னும். நிறத்தை நம்ப வேண்டாம். பச்சையும் ஆரஞ்சும் கம்பெனிக்குக் கம்பெனி அர்த்தம் மாறும். எரிகிறதா, இல்லையா என்பது மட்டும் போதும். கேபிளின் மறுமுனையில், ரவுட்டரிலோ மோடத்திலோ அதே போர்ட்டுக்கான விளக்கையும் பாருங்கள். இரண்டு பக்கமும் இருட்டு என்றால் விண்டோஸுக்கும் இந்தக் கோளாறுக்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை. கணினியைத் துடைத்துவிட்டு விண்டோஸை மறுபடி ஏற்றினாலும் அறுந்த கம்பி ஒட்டிக்கொள்ளாது.

இருட்டாக இருந்தால் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். கேபிளையும் போர்ட்டையும் சேர்த்து மாற்றினால் எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது. முதலில் கனெக்டரைக் கழற்றி, 'டக்' என்ற சத்தம் வரும்வரை மறுபடி செருகுங்கள். அதன் மேலுள்ள பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருந்தால் கனெக்டர் பார்க்கச் செருகியது போலவே இருக்கும், ஆனால் ஒரு மில்லிமீட்டர் பின்வாங்கியிருக்கும். வீடு பெருக்கும்போது துடைப்பம் பட்டால் இணையம் போவதும் வருவதுமாக இருப்பதற்குக் காரணம் இது. அடுத்து, ரவுட்டரில் வேறு போர்ட். பிறகு, நன்றாக வேலை செய்யும் ஒரு குட்டைக் கேபிள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரவுட்டர் பக்கத்தில் போய் ஒரு மீட்டர் கேபிளில் சோதித்துவிட்டால், சுவருக்குள் இருக்கும் கேபிள் நல்லதா கெட்டதா என்ற கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும்.

குட்டைக் கேபிளிலும் விளக்கு வரவில்லை என்றால், கணினியை ஷட் டவுன் செய்து, மின் கம்பியைப் பிடுங்கி, பவர் பட்டனைப் பதினைந்து விநாடி அழுத்திப் பிடித்திருங்கள். மந்திரம் போலத் தோன்றினாலும் காரணம் இருக்கிறது. ஷட் டவுன் செய்த கணினியிலும் மதர்போர்டுக்குச் சிறிது மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். லேன் சிப் அதில் விழித்தபடியே கிடக்கும். அது ஒருமுறை திணறி நின்றுவிட்டால் ரீஸ்டார்ட் செய்தாலும் அந்தத் திணறல் கலையாமல் போகலாம். மின்சாரம் முழுக்க வற்றினால்தான் புதிதாகத் தொடங்கும். அதற்கும் அசையவில்லை என்றால் போர்ட் போயிருக்கலாம். அதற்காக மதர்போர்டை மாற்றத் தேவையில்லை. பெட்டிக்குள் செருகும் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் லேன் கார்டு ஒன்றோ வெளியே செருகும் யு.எஸ்.பி. லேன் அடாப்டரோ போதும். யு.எஸ்.பி. வாங்கினால் யு.எஸ்.பி. 3 போர்ட்டில் செருகுங்கள், பழைய யு.எஸ்.பி. 2 போர்ட்டின் உச்சவரம்பே விநாடிக்கு 480 மெகாபிட்தான்.

விளக்கு எரிகிறது, ஆனால் வேகம் இல்லை. இது இன்னொரு பெரிய புகார். 200, 300 மெகாபிட் திட்டத்துக்குப் பணம் கட்டுகிறார்கள். மேசைக் கணினியில் சோதித்தால் எப்போது பார்த்தாலும் 94, 95-லேயே நிற்கிறது. இந்த எண்ணைப் பார்த்தவுடன் நிறுவனத்தைத் திட்ட வேண்டாம். இணைப்பு 100 மெகாபிட்டில் நிற்கிறது என்பதற்கான கைரேகை அது. விண்டோஸில் செட்டிங்ஸ் திறந்து, நெட்வொர்க் பகுதியில் ஈதர்நெட்டை (லேன் இணைப்புக்கு விண்டோஸ் வைத்த பெயர்) சொடுக்கினால் 'லிங்க் ஸ்பீட்' என்ற வரி இருக்கும். 1000/1000 என்றிருந்தால் கிகாபிட், அதாவது 1000 மெகாபிட். 100/100 என்றிருந்தால் காரணம் இரண்டில் ஒன்று.

ஒன்று, போர்ட். இங்கே ஃபைபர் இணைப்போடு தரப்படும் மலிவான மோடங்கள் பலவற்றில் ஒரே ஒரு போர்ட் மட்டும் கிகாபிட். மற்றவை 100 மெகாபிட். கிகாபிட் போர்ட் பெரும்பாலும் 'லேன் 1' அல்லது 'ஜி.இ.' என்று குறிக்கப்பட்டிருக்கும், 'எஃப்.இ.' என்றிருந்தால் அது 100. கேபிளை ஒரு போர்ட் தள்ளிச் செருகியதாலேயே வேகம் மூன்று மடங்காகும் வீடுகள் உண்டு. இடையில் பழைய நெட்வொர்க் சுவிட்ச் (பல லேன் கேபிள்களை ஒன்றாக இணைக்கும் பெட்டி) ஒன்று இருந்தால் அதையும் பாருங்கள்.

இரண்டு, கேபிள். லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும்: கனெக்டரில் 1, 2, 3, 6 ஆகிய இடங்கள். 1999-ல் வந்த கிகாபிட் தரத்துக்கு நான்கு ஜோடியும் வேண்டும். 4, 5, 7, 8-ல் ஏதாவது ஒரு கம்பி தொடவில்லை என்றாலும் கிகாபிட் கிடையாது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. எந்த வேகத்தில் பேசலாம் என்று இரு முனைகளும் ஒப்பந்தம் போட்டுக்கொள்வது முதல் இரண்டு ஜோடிகளில்தான். அங்கே "கிகாபிட் சரி" என்று ஒத்துக்கொள்வார்கள். ஓடத் தொடங்கியதும் மற்ற ஜோடி கைவிட்டுவிடும். சில கார்டுகள் இரண்டு மூன்று தடவை முயன்றுவிட்டு 100-க்கு இறங்கிவிடும். சில கார்டுகளுக்கு அந்தப் புத்தி கிடையாது. விளக்கு எரிந்து, அணைந்து, மறுபடி எரிந்துகொண்டே இருக்கும். அப்படிப்பட்ட வீட்டில் கார்டின் வேகத்தை வலுக்கட்டாயமாக '100 ஃபுல் டூப்ளெக்ஸ்' (ஒரே நேரத்தில் அனுப்பவும் பெறவும் செய்வது) என்று மாற்றி வைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அது கோளாறை மூடிவைக்கும் வேலை. அதோடு, ஒரு பக்கம் வலுக்கட்டாயமும் மறுபக்கம் 'ஆட்டோ'வுமாக இருந்தால், ஆட்டோ பக்கம் 'ஹாஃப் டூப்ளெக்ஸ்' (ஒரு நேரத்தில் ஒன்று மட்டும்) என்று எடுத்துக்கொள்ளும். பிங் (மறுமுனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் சிறு சோதனை) நன்றாக இருக்கும், கோப்பு இறக்கும்போது மட்டும் நொண்டும். இரு பக்கமும் ஆட்டோவில் இருக்கட்டும், கனெக்டரை வெட்டிப் புதிதாகப் போடுங்கள்.

கனெக்டர் போடுவது கற்றுக்கொள்ளக்கூடிய வேலைதான். மேலுறையை மூன்று செ.மீ. அளவுக்கு உரித்து, கம்பிகளை வரிசைப்படுத்த வேண்டும். நாக்கு அந்தப் பக்கமும் தங்க நிறத் தகடுகள் உங்களைப் பார்த்தும், கேபிள் நுழையும் வாய் கீழேயும் இருக்கும்படி கனெக்டரைப் பிடித்தால், இடமிருந்து வலமாக: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இதற்கு 'பி' வரிசை என்று பெயர். பிறகு 13 மில்லிமீட்டர் விட்டு ஒரே வெட்டாக நேராக வெட்டி, எட்டுக் கம்பிகளின் நுனியும் கனெக்டரின் முன்முகத்தில் முட்டித் தெரியும்வரை தள்ளி, ஒரே அழுத்தில் கிரிம்ப் செய்ய வேண்டும் (தகடுகள் கம்பிகளில் பதியும்படி அதற்கான இடுக்கியால் அழுத்துவது). மேலுறை கனெக்டரின் வாய்க்குள் நுழைந்து கவ்வப்பட்டிருக்க வேண்டும். எட்டு வண்ணக் கம்பிகளும் வெளியே விரிந்து தெரிந்தால் சில மாதங்களில் அது இழுபட்டுக் கழன்றுவிடும். தவறிப்போன கனெக்டரைத் திரும்பப் பயன்படுத்த முடியாது, அது குப்பைக்கு.

நிறம் முக்கியமில்லை, "ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தா போதும்" என்று சொல்லும் ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு. அது பாதி உண்மை என்பதுதான் ஆபத்து. ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பழுப்பு ஜோடி என்று நேராக அடுக்கி, இரு முனைகளிலும் அதையே செய்தால், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் எட்டு விளக்கு டெஸ்டரில் ஒன்றிலிருந்து எட்டு வரை அழகாக எரியும். ஆனால் 3-ம் 6-ம் ஒரே முறுக்கிலிருந்து வர வேண்டியவை. இந்த அடுக்கில் அவை வெவ்வேறு முறுக்கிலிருந்து வரும். முறுக்கின் வேலையே பக்கத்து ஜோடியின் இரைச்சலை அடக்குவதுதான். அது உடைந்தால் குட்டைக் கேபிளில் ஒப்பேற்றும், இருபது மீட்டரில் தடுமாறும். டெஸ்டர் பச்சை, இணைப்பு சிவப்பு. டெஸ்டரை மட்டும் நம்பாமல் கனெக்டரின் கண்ணாடி போன்ற முகத்தில் நிறங்களை ஒருமுறை படித்துவிடுங்கள்.

இந்தக் கடிதம் எழுத உண்மையான காரணம் அடுத்த விஷயம்தான். கடைகளில் 'கேட் 6' (லேன் கேபிளின் தர வகை) என்று விற்கப்படும் மலிவான கேபிள்கள் பலவும் செம்புக் கேபிள் அல்ல. அலுமினியக் கம்பிக்குச் செம்பு முலாம் பூசியவை. 'சி.சி.ஏ.' என்பது அதன் வியாபாரப் பெயர். கேட் 5இ, கேட் 6 தரங்கள் கேட்பது முழுச் செம்பை; முலாம் பூசியது எந்த எண்ணை அச்சிட்டாலும் அந்தத் தரத்தில் சேராது. அதே தடிமனில் அலுமினியத்தின் மின்தடை செம்பைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்குக்கும் மேல். வளைத்து நிமிர்த்தினால் சீக்கிரம் முறியும். கனெக்டரின் தகடு முலாமைக் கிழித்து அலுமினியத்தைத் தொட்ட இடம் காற்றில் ஆக்சைடு படிந்து, ஒரு மழைக்காலம் கழிந்ததும் தொடர்பு விட்டுவிட்டு வரும். சி.சி.டி.வி. கேமராவுக்கு இதே கேபிளில் மின்சாரமும் அனுப்பினால் கம்பி சூடாகும். கண்டுபிடிப்பது எளிது: ஒரு கம்பியின் பிளாஸ்டிக்கை நீக்கிப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளேயும் செம்பு நிறம் என்றால் செம்பு. வெள்ளையாக மின்னினால் அலுமினியம். புது வீட்டில் சுவரை உடைத்துப் பதிக்கும் முன்பு இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் விடாதீர்கள். பில்லில் 'முழுச் செம்பு' என்று எழுதித் தரும்படி கேளுங்கள். எழுத மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம். அந்த விவரத்தைப் பெட்டியின் மேல் தமிழில் பெரிதாக அச்சிடக் கட்டாயப்படுத்தினால் நல்லது என்பது எங்கள் வேண்டுகோள். வீட்டுக்கு முழுச் செம்பு கேட் 5இ-யே கிகாபிட்டை 100 மீட்டர் தூக்கும். 'கேட் 8' என்று அச்சிட்ட தட்டைக் கேபிளுக்கு ஆசைப்பட்டுப் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை.

எலெக்ட்ரீஷியன்களுக்கும் ஒரு சொல். 230 வோல்ட் போகும் குழாயிலேயே லேன் கேபிளையும் இழுத்துவிடுவது வழக்கமாகிவிட்டது. இரைச்சல் ஒரு பக்கம் இருக்கட்டும், உள்ளே மின்கம்பியின் உறை உருகினால் மின்சாரம் நேராகக் கணினிக்கும் அதைத் தொடும் கைக்கும் வரும். தனிக் குழாய் போடுங்கள். இழுக்கும் விசை பதினொரு கிலோ அளவைத் தாண்டினால் முறுக்குகள் நெளியும். மூலையில் மடக்கி ஆணி அடிக்காமல், குறைந்தது இரண்டரை செ.மீ. ஆரத்தில் வளைத்து விடுங்கள். மொட்டை மாடி வழியாகப் போனால் வீட்டுக்குள் போடும் சாம்பல் நிறக் கேபிள் வெயிலில் வெடித்துவிடும். வெளிப்புறத்துக்கான கறுப்பு உறைக் கேபிள் வேண்டும். சுவருக்குள் நுழையும் இடத்துக்கு முன் கேபிளைச் சற்றுத் தொங்கவிட்டு மேலேற்றினால் மழைத்தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், போர்ட்டுக்குள் ஒழுகாது.

விளக்கும் வேகமும் சரியாக இருந்தால் இனி முகவரி. ஸ்டார்ட்டில் 'சி.எம்.டி.' (cmd) என்று தட்டி, கறுப்புத் திரையில் 'ஐபிகான்ஃபிக்' (ipconfig) கட்டளை கொடுங்கள். ஈதர்நெட் பகுதியில் 192.168 என்று தொடங்கும் எண் வந்தால் ரவுட்டர் முகவரி கொடுத்திருக்கிறது. 169.254 என்று தொடங்கினால், ரவுட்டரிடம் கேட்டும் பதில் வராததால் கணினி தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயர் அது. ரவுட்டரை அணைத்துப் போடுங்கள்: மோடம் முதலில், இரண்டு மூன்று நிமிடம் கழித்து ரவுட்டர், கடைசியில் கணினி. அப்போதும் 169 என்றால், வேறு சாதனங்களுக்கு முகவரி கிடைக்கிறதா என்று பாருங்கள். கிடைத்தால் சந்தேகம் மறுபடி கேபிள் மேல்தான். 10 என்றோ வேறு ஏதோ எண்ணிலோ முகவரி நிலைத்து நின்றால், முன்பு அலுவலக வேலைக்காகவோ பழைய இணைய நிறுவனத்துக்காகவோ கையால் பதித்த எண் அழியாமல் இருக்கலாம். ஈதர்நெட் அமைப்பில் 'ஐ.பி. அசைன்மென்ட்' (முகவரி எப்படி வர வேண்டும் என்பது) என்ற இடத்தில் ஆட்டோமேட்டிக் என்று மாற்றினால் முடிந்தது.

பிறகு பிங். அதே திரையில் 'டிஃபால்ட் கேட்வே' என்று காட்டும் எண்ணுக்கு (அது ரவுட்டரின் முகவரி), பெரும்பாலும் 192.168.1.1, பிங் கொடுங்கள். கம்பிவழியில் பதில் ஒரு மில்லிவிநாடிக்குள் வர வேண்டும். சாதாரண பிங் 32 பைட்டுகள் கொண்ட நான்கு சின்னத் தரவுப் பொட்டலங்களை அனுப்பிவிட்டு நின்றுவிடும். கெட்ட கேபிளிலும் அவை தப்பித்துப் போய்விடும். அதனால் கட்டளையின் கடைசியில் ஒரு கோடும் 'டி'யும், கூடவே ஒரு கோடும் 'எல்' எழுத்தும் 1400 என்ற எண்ணும் சேருங்கள் (ping 192.168.1.1 -t -l 1400). பெரிய பொட்டலங்கள் நிற்காமல் போய்க்கொண்டிருக்கும். அது ஓடும்போதே கனெக்டரை மெல்ல ஆட்டுங்கள், சுவர் சாக்கெட் பக்கம் போய் அங்கேயும் ஆட்டுங்கள். எந்த இடத்தில் கை பட்டதும் 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' வருகிறதோ, வெட்டிப் போட வேண்டிய இடம் அது.

கேட்வே பதில் சொல்கிறது, 8.8.8.8-க்கு (இணையத்தில் உள்ள கூகுளின் சர்வர்) பிங் போகவில்லை என்றால் சிக்கல் ரவுட்டருக்கு அப்பால். 8.8.8.8 பதில் சொல்கிறது, இணையதளப் பெயர் மட்டும் திறக்கவில்லை என்றால் சிக்கல் டி.என்.எஸ்., அதாவது தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் சேவை; ஈதர்நெட் அமைப்பில் டி.என்.எஸ். இடத்தில் 8.8.8.8 அல்லது 1.1.1.1 கொடுத்துப் பாருங்கள். நீக்கிய வி.பி.என்., காலாவதியான ஆன்ட்டிவைரஸ் விட்டுப்போன ப்ராக்ஸி அமைப்பும் (இணையத்தை இடைத்தரகர் ஒருவர் வழியாகத் திருப்பும் ஏற்பாடு) இதே தொல்லையைத் தரும். பழைய கணினிகளில் இன்னொன்று: மதர்போர்டில் இருக்கும் சி.ஆர்.2032 காசு பேட்டரி தீர்ந்தால் தேதி பல வருடம் பின்னே போய்விடும். அப்போது எல்லாத் தளமும் 'பாதுகாப்பற்றது' என்று மறுக்கும். நெட் போச்சு என்று ஊரைக் கூட்டுவதற்கு முன் திரையின் மூலையில் தேதியைப் பார்த்துவிடுங்கள். ஒரு பேட்டரிக் காசோடு முடிந்துவிடும்.

வைஃபை எட்டவில்லை என்று இரண்டாவது ரவுட்டர் வாங்கி மாட்டியவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டும் முகவரி வழங்கினால் கணினிக்கு யாரிடமிருந்து எண் வரும் என்பது அன்றைய அதிர்ஷ்டம். இரண்டாவதை வெறும் சுவிட்சாகவும் வைஃபையாகவும் பயன்படுத்துவதானால் அதன் டி.எச்.சி.பி.யை (முகவரி வழங்கும் வேலையை) அணைத்து, அதன் சொந்த முகவரியை 192.168.1.2 போல மாற்றி, கேபிளை அதன் 'வான்' (WAN, வெளி இணையம் வரும்) போர்ட்டில் செருகாமல் லேன் போர்ட்டில் செருகுங்கள். சும்மா தொங்கும் கேபிளின் இரு முனைகளையும் ஒரே சுவிட்சில் குழந்தைகள் செருகிவிட்டால் வீட்டு இணையம் முழுவதும் ஸ்தம்பிக்கும். எல்லா விளக்கும் ஒரே தாளத்தில் வெறிபிடித்து மின்னினால் அந்த வளையத்தைத் தேடுங்கள்.

ஃபார்மேட் போட்டவர்களுக்குக் கடைசியில் காத்திருப்பது இன்னொரு சங்கடம். புது விண்டோஸில் அந்த லேன் சிப்புக்கான டிரைவர் (சிப்பை இயக்கும் மென்பொருள்) இல்லாமல் போகலாம். டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் நிற்கும். டிரைவர் இறக்க இணையம் வேண்டும், இணையம் வர டிரைவர் வேண்டும். கைப்பேசியை யு.எஸ்.பி. வயரில் இணைத்து 'யு.எஸ்.பி. டெதரிங்' (கைப்பேசி இணையத்தைக் கணினிக்குக் கொடுப்பது) போட்டால் இந்த முடிச்சு அவிழும். மதர்போர்டு நிறுவனத்தின் தளத்திலிருந்தே டிரைவரை எடுங்கள். அதே டிவைஸ் மேனேஜரில், லேன் கார்டின் 'பவர் மேனேஜ்மென்ட்' பக்கத்தில் மின்சாரம் மிச்சம் பிடிக்கக் கார்டை அணைத்துக்கொள்ள அனுமதிக்கும் டிக்கை எடுத்துவிட்டால், கணினி தூங்கி எழுந்ததும் இணையம் வராத கோளாறு பல வீடுகளில் நின்றுவிடும்.

மோடத்தில் 'லாஸ்' (LOS) என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் மட்டும் மேலே சொன்ன எதையும் செய்ய வேண்டாம். ஃபைபர் எங்கோ அறுந்திருக்கிறது அல்லது மடங்கியிருக்கிறது. அது நிறுவனத்தின் வேலை. ஃபைபர் முனையைக் கழற்றித் துடைக்கவோ கண்ணருகே வைத்துப் பார்க்கவோ கூடாது. மற்றபடி புகார் எண் வாங்கும்போது "நெட் வரலை" என்று சொல்லாமல், லிங்க் ஸ்பீட் எவ்வளவு, ஐ.பி. முகவரி என்ன, கேட்வே பிங் வருகிறதா, 8.8.8.8 வருகிறதா, லாஸ் விளக்கு நிலை என்ன என்று ஐந்தையும் சொல்லிப் பாருங்கள். "ரீஸ்டார்ட் பண்ணுங்க சார்" என்ற முதல் படியைத் தாண்டி ஆள் அனுப்புவார்கள்.

ஐப்பசி, கார்த்திகை இடிமழை வருகிறது. மாடிக்கு மாடி, கம்பத்திலிருந்து வீட்டுக்குச் செம்புக் கேபிளாக இணையம் வரும் தெருக்களில் இடி பக்கத்தில் விழுந்தாலே போதும், அந்தக் கேபிளில் தூண்டப்படும் மின்னழுத்தம் லேன் போர்ட்டைச் சுட்டுவிடும். மின்ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு லேன் கேபிளை அப்படியே விட்டால் பாதிப் பாதுகாப்புதான். இடி தொடங்குமுன், கணினிப் பக்கமும் ரவுட்டர் பக்கமும் லேன் கேபிளையும் சேர்த்துக் கழற்றி வையுங்கள். தலைக்கு மேல் இடிக்கும்போது அதைத் தொடவே தொடாதீர்கள்.

இப்படிக்கு,
வலையமைப்புப் பராமரிப்புப் பணியாளர்கள் சிலர்,
திருச்சிராப்பள்ளி.